டிஜிட்டல் மாற்றம்: விரலில் பிறந்த சொல்

டில்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் அடுத்த வீட்டுப் பெண் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். உயர்கல்வியின் டிஜிட்டல் மாற்றத்தைப் பற்றி என்னென்ன ஆய்வுகள் வருகின்றன என்பதுதான் அவளுடைய ஆய்வுப்பொருள். இங்குள்ள தமிழ் அமைப்பு ஒன்று அவளைப் பேச அழைத்திருந்தது. "மாமா, தலைப்பில் டிஜிட்டல் என்றே போடலாமா?" என்று கேட்டாள்.

லத்தீனில் 'டிகிடஸ்' என்றால் விரல். விரல்விட்டு எண்ணியதால் பத்துக்குக் கீழான எண்களுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கணக்கிடும் கருவிகளுக்கு இதை 1942இல் பரிந்துரைத்தவர் அமெரிக்கரான ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ்.

நாமோ 'மின்' என்று முன்னால் ஒட்டி வேலையை முடித்துவிடுகிறோம்: மின்னூலகம், மின்கல்வி. காதுக்கு இனிமை, கருத்துக்கு அரைகுறை. பேட்டரியில் ஓடும் முள் கடிகாரத்தில் மின்சாரம் உண்டு, ஆனால் அது டிஜிட்டல் அன்று. மணிச்சட்டத்துக்கு மின்சாரமே வேண்டாம். மணி மணியாக எண்ணுவதால் அது டிஜிட்டல். சிங்கப்பூர்த் தமிழர்கள் 'மின்னிலக்கம்' என்று மின்னையும் எண்ணைக் குறிக்கும் இலக்கத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். இந்தி அறிவியல் நூல்கள் எண்ணைக் குறிக்கும் 'அங்க்' என்ற சொல்லிலிருந்து 'அங்கீய' என்கின்றன. அதே வழியில் நமக்கு 'எண்ணிமம்' இருக்கிறது. எண்ணுதல் என்றால் கணக்கிடுதலும் நினைத்தலும். கல்விக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

'மாற்றம்' என்ற சொல்தான் இன்னும் வழுக்குகிறது. அவளுக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் பழைய பாடக்குறிப்புகளை ஸ்கேன் செய்து பிடிஎப் ஆக்கிவிட்டு, 'டிஜிட்டல் மாற்றம்' என்று வாசலில் பதாகை கட்டினார்களாம். நாலாம் பக்கத்து டீக்கறைகூட அப்படியே பதிவாகியிருந்தது. இது எண்ணிமமாக்கம். விண்ணப்பமும் கட்டணமும் இணையத்துக்கு நகர்ந்தால் எண்ணிமயமாக்கம். (நடுவில் ஒரே ஒரு 'ய' கூடுதல், மெய்ப்பு பார்ப்பவர் பாடு திண்டாட்டம்.) கல்வியின் அமைப்பே மாறினால்தான் உருமாற்றம். மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் படித்துப் பெறும் மதிப்பெண் அலகுகளை (கிரெடிட்) பட்டப்படிப்பில் 20 விழுக்காடு வரை சேர்க்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் விதித்து, 2021இல் அதை 40 ஆக்கியது. அது உருமாற்றத்தின் பக்கம்.

ஆய்வுலகமும் இந்த வேறுபாட்டில் கவனமாக இருக்கிறது. 2020 பெருந்தொற்றின்போது 'அவசரகாலத் தொலைக்கற்பித்தல்' என்று தனிப்பெயர் வைத்ததே, அவசரத்துக்குக் கேமரா முன் நடத்திய வகுப்பைத் திட்டமிட்ட இணையவழிக் கல்வியோடு குழப்பக் கூடாது என்றுதான். 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின் தேர்வும் மதிப்பீடும் பெரிய விவாதமாகிவிட்டன.

கடைசியில் 'உயர்கல்வியின் எண்ணிம உருமாற்றம்' என்று தலைப்பு எழுதி அனுப்பினாள். அழைப்பிதழில் 'எண்ணிய உருமாற்றம்' என்று அச்சாகி வந்தது. திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.