‘நம்ம வீடு’ என்றால் எந்த வீடு?

காசிமேட்டில் விடிவதற்கு முன்பே மீன் ஏலம் களைகட்டிவிடும். அங்கே மொத்தமாக எடுத்து வீடுகளுக்கு அனுப்பும் நண்பர் ஒருவர், அன்றைய விலையைக் கூகுள் ஷீட்டில் போனிலேயே தட்டிவிடுவார். வஞ்சிரம், சங்கரா, வவ்வால், நெத்திலி என்று ஐந்தாறு வரி. அதையே திரும்ப அடித்து வேர்ட்பிரஸ் தளத்தில் ஏற்றுவது அவர் தங்கையின் வேலை. “ஒரே வேலைய தெனம் ரெண்டு தபா செய்யணுமாண்ணா? மிஷினுக்குச் சொல்லித்தர முடியாதா?” என்று அந்தப் பெண் கேட்டார்.

முடியும். ராயபுரத்தில் என் வீட்டுப் பரணில் கிடந்த பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி, அதில் என்8என் ஏற்றினேன். 2019-இல் பெர்லினில் பிறந்த மென்பொருள். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். ‘நோட்மேஷன்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் முதலும் கடைசியும் ‘என்’, நடுவில் எட்டு எழுத்து. திரையில் பெட்டிகளை வைத்துக் கோடு இழுத்தால், ஒரு பெட்டி முடித்த வேலை அடுத்த பெட்டிக்குப் போகும். முதல் பெட்டி நேரம் பார்த்து எழுப்பும், அடுத்தது ஷீட்டைப் படிக்கும், மூன்றாவது அதைப் பதிவாகக் கோக்கும், நான்காவது வேர்ட்பிரஸிடம் ஒப்படைக்கும்.

சங்கதி நான்காவது பெட்டியில்தான் இருக்கிறது. என்8என், வேர்ட்பிரஸ் என்று இரண்டு சர்வர்களை ‘இணைப்பது’ என்றால் நடுவில் எதுவும் நிரந்தரமாகக் கட்டப்படுவதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு கடிதம் போகிறது, ஒரு பதில் வருகிறது. வேர்ட்பிரஸ் 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பில், வெளி மென்பொருள்கள் வந்து பதிவு போட ரெஸ்ட் ஏபிஐ என்ற வாசலைத் திறந்து வைத்தது. அந்த முகவரிக்குத் தலைப்பு, உள்ளடக்கம், வரைவா வெளியீடா என்ற நிலை, இந்த மூன்றையும் ஜேசன் என்ற, மென்பொருள்கள் பரிமாறிக்கொள்ளும் எழுத்து வடிவில் எழுதி அனுப்பினால் போதும். 201 என்று பதில் வந்தால் பதிவு உருவாகிவிட்டது. 401 என்றால் ‘நீ யார்?’ 403 என்றால் ‘உன்னைத் தெரியும், ஆனால் இதைச் செய்ய உனக்கு உரிமை இல்லை.’ இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டு ராத்திரியைத் தொலைத்தவர்கள் நிறைய. நானும் ஒருவன்.

‘நீ யார்’ என்பதற்குச் சொந்த பாஸ்வேர்டைக் கொடுக்கக் கூடாது. 2020 டிசம்பரில் வந்த 5.6 பதிப்பிலிருந்து அப்ளிகேஷன் பாஸ்வேர்டு என்று தனியாக ஒன்று உண்டு. நாலு நாலாகப் பிரித்துக் காட்டும் 24 எழுத்து. சந்தேகம் வந்தால் அதை மட்டும் ரத்து செய்யலாம், மற்ற எதுவும் கெடாது. கடிதத்தின் உறையில் இது பேஸ்64 என்ற உருவில் போகும். பார்க்கக் கன்னாபின்னாவென்று இருப்பதால் பூட்டு என்று நினைத்துவிட வேண்டாம். யார் வேண்டுமானாலும் நொடியில் பழைய எழுத்துக்கு மாற்றிவிடலாம். உண்மையான பூட்டு, கடிதத்தை வழியில் யாரும் படிக்க முடியாமல் மறைத்து அனுப்பும் எச்டிடிபிஎஸ்தான்.

இதெல்லாம் சரியாக இருந்தும் முதல் நாள் ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்றே வந்தது. ஒத்திகைக்காக வேர்ட்பிரஸையும் அதே லேப்டாப்பில்தான் ஏற்றியிருந்தேன். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தால் தளம் ஜம்மென்று திறக்கிறது. அதே முகவரியை என்8என்-இல் போட்டால் கதவு திறக்கவில்லை.

லோக்கல்ஹோஸ்ட் என்பது ஊர் பேர் கிடையாது, ‘கூப்பிடுகிற இதே கணினி’ என்று அர்த்தம். ‘நம்ம வீடு’ மாதிரி ஒரு சொல். வியாசர்பாடிக்காரர் சொன்னால் வியாசர்பாடி வீடு, தண்டையார்பேட்டைக்காரர் சொன்னால் தண்டையார்பேட்டை வீடு. என்8என், வேர்ட்பிரஸ் இரண்டையும் டாக்கர் என்ற மென்பொருளில் தனித்தனிக் கன்டெய்னரில், அதாவது ஒன்றோடொன்று ஒட்டாத தனி அறையில், ஓட்டியிருந்தேன். என்8என் இருக்கும் கன்டெய்னர் தன்னைத் தனி வீடாகவே நினைக்கும். அது ‘நம்ம வீடு’ என்று தேடியது தன் சுவர்களுக்குள். அங்கே வேர்ட்பிரஸ் ஏது? இரண்டு கன்டெய்னர்களையும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில், அதாவது ஒரே தெருவில் வைத்து, லோக்கல்ஹோஸ்டை விட்டுவிட்டுக் கன்டெய்னரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் 201 வந்தது.

ஒத்திகை முடிந்து உண்மையான தளத்துக்கு மாற்றினேன். அப்போது ஜூலை மாதம். காலை 6 மணிக்கு வர வேண்டிய விலைப்பட்டியல் மாலை 3:30-க்கு வந்தது. நண்பர் போனில், “இன்னா தம்பி, மீனே வித்துப்போச்சு, இப்ப வந்து வெல சொல்லுது!” என்றார். காரணம் சின்னது. என்8என் தானாக எடுத்துக்கொள்ளும் நேர மண்டலம் நியூயார்க். அங்கே கோடையில் காலை 6 அடிக்கும்போது நமக்கு மாலை 3:30. அமைப்பில் ஆசியா/கொல்கத்தா என்று மாற்றினேன், தீர்ந்தது. நேரமும் ‘நம்ம வீடு’ மாதிரிதான் போலிருக்கிறது.

இன்னொன்று, பதில் வழியில் தொலைவது. வேர்ட்பிரஸ் பதிவை உருவாக்கிவிட்டது, ஆனால் 201 வந்து சேருவதற்குள் நெட் போய்விட்டது. அனுப்பியவனுக்கு அது தெரியாது. மறுபடி முயலச் சொல்லியிருந்தால் இரண்டாவது பதிவு விழும். அதனால் இன்றைய தேதியில் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் விசாரிக்க ஒரு பெட்டி வைத்தேன். வரைவுகளையும் காட்டு என்று தனியாகக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியானவற்றை மட்டும்தான் காட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, ஷீட்டும் பல நாள் காலியாகக் கிடக்கும். காலி ஷீட்டுக்கும் இயந்திரம் பாட்டுக்கு ஒரு வெறும் பட்டியல் போட்டுவிடும் என்பதால், வரி இல்லையென்றால் அங்கேயே நில் என்று ஒரு கிளை.

இத்தனைக்கும் பிறகு பதிவு இன்னும் வரைவாகத்தான் போகிறது. என்8என்-க்குக் கொடுத்த கணக்கும் வரைவு எழுத மட்டுமே உரிமையுள்ள ‘கான்ட்ரிபியூட்டர்’ கணக்கு. ஒருமுறை வஞ்சிரம் 800 என்பதில் ஒரு சைபர் கூடுதலாக விழுந்திருந்தது. தங்கை அதைப் பார்த்துத் திருத்திவிட்டு, வெளியிடு பொத்தானைத் தானே அழுத்தினார்.