'யோசிக்காதீங்க, வீசுங்க' என்று சொல்லித் தருபவர்களிடம் போகாதீர்கள்

போன வாரமும் ஒருவர் கையில் கேன்வாஸோடு வந்தார். 'ஒரு மணி நேரத்தில் அப்ஸ்ட்ராக்ட்' என்று ஏதோ வார இறுதி வகுப்பில் வரைந்ததாம். நீலமும் ஆரஞ்சும் ஈரத்தோடு கலந்து நடுவில் சேற்று நிறம். நான்கு மூலையிலும் ஒரே அளவில் தெளிப்பு. "என்ன குறைன்னு தெரியல சார், ஆனா பார்க்கவே பிடிக்கல" என்றார். அவரை என்ன சொல்வது? அங்கே சொல்லித் தந்ததே "யோசிக்காதீங்க, மனசுல தோணுறதை வீசுங்க" என்பதுதான். இதே வாக்கியத்தோடு இன்னும் எத்தனை பேர் வரப்போகிறார்களோ!

அப்ஸ்ட்ராக்ட் எனும் அரூப ஓவியத்தில் மரமோ முகமோ கிடையாது, ஆகவே கட்டமைப்பும் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். முகம் வரையும்போது கண் எங்கே வரவேண்டும் என்பதை அந்த முகமே சொல்லிவிடும். அரூபத்தில் அந்தத் துணை இல்லை. எந்த வடிவம் எங்கே, எவ்வளவு பெரிது, பக்கத்தில் எவ்வளவு இடம் சும்மா கிடக்கவேண்டும் என எல்லாவற்றையும் நீங்களே முடிவு செய்தாக வேண்டும். யோசனை இங்கேதான் கூடுதலாக வேண்டும்.

அரூப ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவரான ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி 'காம்போசிஷன் 7' ஓவியத்தை 1913 நவம்பர் 25 முதல் 28 வரை, நான்கே நாளில் மியூனிக்கில் வரைந்தார். இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம். "பார்த்தீங்களா, வேகம்தானே!" என்று இதை என்னிடமே எடுத்துக்காட்டியவர்கள் உண்டு. அந்த நான்கு நாளுக்கு முன்னால் பென்சிலிலும் நீர்வண்ணத்திலும் எண்ணெய் வண்ணத்திலுமாக முப்பதுக்கும் மேற்பட்ட முன்வரைவுகள் இருக்கின்றன. ஓவியத்தின் ஒரு பகுதியை மட்டும் தனியாக வரைந்து பார்த்தவையும் அவற்றில் உண்டு. கேன்வாஸ் படிப்படியாக வளர்ந்ததை அவருடைய துணைவி கேப்ரியேலே மியுன்டர் புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறார். யோசனையெல்லாம் பெரும்பாலும் முடிந்துவிட்டதால்தான் கை அவ்வளவு வேகமாக ஓடியது.

அடுத்து, வண்ணத்தைச் சொட்டியும் வீசியும் வரைந்த அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கைச் சொல்வார்கள். 1943இல் அவர் வரைந்த 'மியூரல்' ஒரே இரவில் முடிந்தது என்று வெகுகாலம் கதை உலவியது. லாஸ் ஏஞ்சலஸில் கெட்டி (Getty) கலை நிறுவனத்தார் 2012 முதல் 2014 வரை அதைச் சீரமைத்து ஆராய்ந்தார்கள். அடியில் இருந்த எண்ணெய் வண்ணம் காய்ந்த பிறகே பல இடங்களில் மேல் அடுக்கு ஏறியிருந்தது. எண்ணெய் வண்ணம் ஒரு ராத்திரியில் காயாது. நம் நாட்டு அரூப ஓவியர் கைடொண்டே ரோலரும் பாலெட் நைஃப் எனும் தட்டைக் கத்தியும் கொண்டு அடுக்கடுக்காக ஏற்றியும் சுரண்டியும் வேலை செய்தவர். ஓர் ஆண்டில் அவர் முடித்தவை மிகச் சில.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் பென்சிலை எடுங்கள். தீப்பெட்டி அளவுக் கட்டங்களில் கறுப்பு, வெள்ளை, ஒரே ஒரு சாம்பல் நிறம், இவ்வளவை மட்டும் வைத்துப் பல அமைப்புகளைப் போட்டுப் பாருங்கள். இருட்டும் வெளிச்சமும் அங்கே சரியாக அமையாவிட்டால் வண்ணம் வந்து காப்பாற்றாது. பாதி வேலையில் போனில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் பிரச்சினை அதுதான். கேன்வாஸைத் தலைகீழாக வையுங்கள், எந்தப் பக்கம் கனக்கிறது என்று உடனே தெரியும். நான்கு மூலைக்கும் சமமாகப் பங்கு வைக்காதீர்கள், கண் எங்கேயும் நிற்காது. நீலம், ஆரஞ்சு போன்ற எதிரெதிர் நிறங்களைப் பக்கத்தில் வைப்பதானால் ஒன்று காயும்வரை பொறுங்கள். அப்புறம், பின்னால் தள்ளிப் போய்ப் பாருங்கள். மூக்கை ஒட்டிக்கொண்டு வரைபவர்களுக்குத் தூரிகைத் தடம்தான் தெரியும், ஓவியம் தெரியாது.

எண்ணெய் வண்ணத்தின் மேல், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தைப் பூசவே பூசாதீர்கள். உரிந்து வரும். இதற்காகவும் மாதம் ஒருவராவது வருகிறார். அக்ரிலிக் மேல் எண்ணெய் பூசலாம், நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைனைத் திறந்தால் ஜன்னலையும் திறங்கள். ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும்.

வகுப்பில் சேரும் முன் ஒன்றைக் கேளுங்கள்: முதல் நாள் பென்சிலும் காகிதமும் தருவீர்களா? தரமாட்டோம் என்றால் பணம் கட்டாதீர்கள்.