ஏர் டிஸ்டன்ஸ் – வான்வழித் தொலைவு

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடம், "மேட்டுப்பாளையம் எவ்வளவு தூரமுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "மிஸ்ட் இல்லீன்னா ஒன்னேகால் மணி நேரம்" என்பார். கேட்டது தூரம், கிடைத்தது நேரம். மலையில் அதுதான் பயன்படுகிற பதில்.

மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் நடுவே வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் சுமார் 30 கி.மீ. மலை ரயில் பாதையோ 46 கி.மீ. கல்லாறு தாண்டியதும் நடுவில் உள்ள பல் தண்டவாளத்தைப் பல்சக்கரத்தால் பற்றிக்கொண்டு ஏறும் அந்த வண்டி ஊட்டி சேர ஏறக்குறைய 5 மணி நேரம். அதற்குள் சென்னையில் விமானம் ஏறியவர் சுமார் 2,900 கி.மீ. கடந்து சிங்கப்பூரில் இறங்கிவிடுவார்.

அந்த 30 கி.மீ.தான் ஏர் டிஸ்டன்ஸ். 'டிஸ்டன்ஸ்' லத்தீனிலிருந்து வந்தது. 'விலகி நிற்பது' என்று பொருள். 'தூரம்' வடசொல். தமிழில் சேய்மை, தொலைவு என்று இரண்டு உண்டு. சேய்மை இன்று சேய்மைச் சுட்டோடு பள்ளி இலக்கணத்தில் நின்றுவிட்டது. தொலைவு பேச்சிலும் வாழ்கிறது. 'தொலை' என்றால் தீர்ந்துபோ, காணாமல் போ. குன்னூர் பக்கத்தில் லேம்ஸ் ராக் என்ற பாறை முனையில் நின்று கீழே பாருங்கள்: சமவெளியின் தோப்பும் வீடும் மெல்ல மெல்ல நீலமாகி, ஓரிடத்தில் ஒன்றுமே தெரியாமல் போகும். கண் தொலைகிற அந்த இடம்தான் எனக்குத் தொலைவு.

சிலர் 'நேர்கோட்டுத் தொலைவு' என்று எழுதுகிறார்கள். பக்கத்து ஊர்களுக்குப் பொருந்தும். கண்டம் தாண்டினால் பொருந்தாது. உலக உருண்டையில் சென்னைக்கும் லண்டனுக்கும் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். ஏறத்தாழ 8,200 கி.மீ. வரும். அதே நூல் போன தடத்தைத் தட்டையான வரைபடத்தில் வரைந்தால் வடக்கே வளைந்திருக்கும். உருண்டை மேல் மிகக் குறுகிய வழி, உருண்டையைச் சரிபாதியாகப் பிரிக்கும் பெருவட்டத்தின் ஒரு பகுதி, நேர்கோடு அல்ல. அதனால் 'வான்வழித் தொலைவு' என்பதே என் தேர்வு.

தொலைவு ஒன்றுதான், நேரம் ஒன்றல்ல. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்றை எதிர்த்துப் போவதால் லண்டன் போக ஆகும் நேரம், திரும்பி வர ஆவதைவிடக் கூடுதல்.

கண்டக்டரின் பதிலுக்கு நம்மிடம் பழைய பெயரே இருந்தது: நாழிகை வழி. ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், நடந்து கடக்கும் தொலைவு. அதைவிடப் பெரிய அளவு காதம், சுமார் 10 மைல். நடந்து களைத்த கண்ணகி மதுரை எங்கே என்று கேட்க, 'ஆறைங் காதம்' என்கிறான் கோவலன். ஆறு ஐந்து முப்பது காதத்தைப் பக்கம்தான் என்று சொல்லித் தேற்றுகிறான்.

இன்னொரு வேறுபாடும் வேண்டும். விமானம் வானில் இருப்பது பறப்பு நேரம். வாசலில் இருந்து வாசல் வரை ஆவது பயண நேரம். பக்கத்து வீட்டு அக்காவின் மகன் லண்டனிலிருந்து வரும்போதெல்லாம் அவன் பறப்பு நேரத்தைச் சொல்லுவான். அக்கா, கோவையில் இறங்கி, பர்லியாறு வளைவெல்லாம் ஏறி, வீட்டுக் கேட்டைத் திறக்கும் வரை கணக்குப் போட்டுத்தான் அடுப்பில் உலை வைப்பார்.