ரோனின் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஜப்பானிய மாணவர் காதல் நகைச்சுவைக் கதைகளைப் படிக்க ஆரம்பித்தால் சீக்கிரமே ஒரு சொல் வந்து இடறும்: ரோனின். வாடகைக்கே திணறுகிற, காதலைச் சொல்லத் தெரியாத ஒரு பையனுக்கு எதற்கு சாமுராய்க் கதைப் பெயர்?

‘ரோ’ என்றால் அலை, ‘னின்’ என்றால் மனிதர். பதிவான ஊரைவிட்டு வெளியேறித் திரிந்தவர்களைக் குறித்த பழைய சொல், பிறகு தலைவனை இழந்த சாமுராய்களுக்கு நிலைத்துவிட்டது. 1701இல் அகோ பிரபு அசானோ உயிர்துறக்க நேர்ந்ததும் அவருடைய வீரர்கள் ரோனின் ஆனார்கள், அவர்களில் 47 பேர் பழிவாங்கிய கதை ஜப்பான் முழுக்கத் தெரியும். அப்புறம் அதே பெயர், பள்ளியை முடித்தும் பல்கலைக்கழக இடம் கிடைக்காமல் அடுத்த நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு வந்து சேர்ந்தது. ஓராண்டு காத்திருந்தால் இச்சிரோ, ஈராண்டு என்றால் நிரோ.

1980இல் ருமிகோ தகஹாஷி தொடங்கிய ‘மெசோன் இக்கொகு’ என்ற படக்கதையின் நாயகன் கொடாய் ஒரு ரோனின். 1998இல் வந்த ‘லவ் ஹினா’ படக்கதையின் நாயகன் கெய்தாரோ, தோக்யோ பல்கலைக்கழகத் தேர்வில் இரண்டு முறை தவறியவன், சின்ன வயதில் ஒரு சிறுமியோடு சேர்ந்து அங்கே படிப்பதாகச் சொன்ன வாக்கை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பவன். இவர்களுக்குப் பள்ளியும் இல்லை, கல்லூரியும் இல்லை, வேலையும் இல்லை. ‘நீ எங்கே இருக்கிறாய்?’ என்று கேட்டால் சொல்ல ஓர் இடம் இல்லாதவனுக்குக் காதலைச் சொல்லும் தகுதி தனக்கு உண்டா என்ற தயக்கம் வந்துவிடுகிறது, அந்தத் தயக்கத்தில்தான் பாதிக் கதை ஓடுகிறது. கொடாய் கல்யாணப் பேச்சை எடுப்பதுகூட வேலை கிடைத்த பிறகுதான்.

அதனால் ‘தோற்ற மாணவன்’ என்று மொழிபெயர்ப்பது எனக்கு உறுத்துகிறது. நீட் எழுதுகிறவர்களைச் சொல்லும் ‘ரிப்பீட்டர்’ கொஞ்சம் கிட்டே வருகிறது, ஆனால் அது திரும்ப எழுதுவதை மட்டும்தான் சொல்கிறது, நிற்க இடமில்லாததைச் சொல்வதில்லை. நம்மிடமே நல்ல சொல் இருக்கிறது: அலைஞர். தமிழில் அலை என்றால் கடலலை, அலைதல் என்றால் திரிதல். ஜப்பானிய ‘ரோ’ எழுத்துக்கும் இந்த இரண்டு பொருளும் உண்டு! மாணவர் என்று தெளிவாகத் தெரிய வேண்டிய இடத்தில் ‘அலைஞர் மாணவர்’ என்று எழுதலாம். நிரோவை ‘ஈராண்டு அலைஞர்’ என்று எழுதிப் பாருங்கள், வாளோடு திரிந்தவனும் வாடகை அறையில் படிக்கிறவனும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகிறார்கள்.