மூடிய அறைக்குள் விளையும் தடுப்பூசி

கோழி வளர்த்த வீடுகளில் வெள்ளைக் கழிச்சல் என்றாலே பதறுவார்கள். காலையில் பஞ்சாரத்தைத் திறந்தால் ஒரு கோழி இறக்கை தொங்க நிற்கும். மறுநாள் அதன் கழுத்து முறுக்கிக்கொள்ளும். அந்த வாரத்துக்குள் பஞ்சாரமே காலியாகிவிடும். கால்நடை மருத்துவர்கள் இதை ராணிகெட் நோய் என்பார்கள். உலக அளவில் இதற்கு நியூகாசில் நோய் என்று பெயர். நாம் போடும் லசோட்டா சொட்டு மருந்து, கரு வளரும் முட்டைக்குள் வீரியம் குறைந்த வைரஸைப் பெருக்கித் தயாரிக்கப்படுவது.

2006 ஜனவரியில் அமெரிக்க வேளாண் துறை இதே நோய்க்கான இன்னொரு தடுப்பூசிக்கு அனுமதி அளித்தது. அதைத் தயாரிக்க முட்டையும் வேண்டாம், உயிருள்ள வைரஸும் வேண்டாம். டவ் அக்ரோசயின்சஸ் நிறுவனம் அந்த வைரஸின் மேலுறையில் இருக்கும் ஒரு புரதத்துக்குரிய மரபணுவைப் புகையிலைச் செல்களில் சேர்த்து, அந்தச் செல்களை மூடிய தொட்டியில் வளர்த்தது. தாவரச் செல்லிலிருந்து வந்த தடுப்பூசிக்கு உலகிலேயே கிடைத்த முதல் அனுமதி அதுதான்.

உடம்புக்கு எதிரியை அடையாளம் காட்ட முழு வைரஸும் தேவையில்லை. அதன் மேலுறைப் புரதம் ஒன்றைக் காட்டினாலே பெரும்பாலும் போதும். உடம்பு அதற்கெதிரான எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்ளும். அந்த ஒரு புரதத்தை எங்கே விளைவிப்பது என்பதுதான் கேள்வி. பாக்டீரியாவில் விளைவிக்கலாம், ஆனால் சிக்கலான புரதங்களை அது பல நேரம் சரியாக மடிக்காது. விலங்குச் செல்லில் விளைவித்தால் மடிப்பு சரியாக வரும். ஆனால் அந்தச் செல்களுக்கான ஊட்டக் கரைசல் விலை அதிகம், விலங்குகளைத் தாக்கும் வேறு வைரஸ் உள்ளே புகுந்துவிடுமோ என்ற கவலையும் உண்டு. செடி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. புரதத்தை ஒழுங்காக மடிக்கும். அதைத் தாக்கும் வைரஸ்கள் மாட்டையோ பன்றியையோ ஒன்றும் செய்வதில்லை.

ஆய்வகங்கள் விரும்பி எடுக்கும் செடி நிக்கோட்டியானா பெந்தாமியானா. புகையிலைக்கு உறவுக்காரி, ஊர் ஆஸ்திரேலியா. மெத்தென்ற இலை, குள்ளமான உருவம். வைரஸை எதிர்க்கும் மரபணு ஒன்று இதில் பழுதாகிக் கிடக்கிறது. காட்டில் அது குறைதான். வெளியிலிருந்து வரும் மரபணுவை ஏற்று வேலை செய்யவைக்க நினைக்கும் நமக்கோ அதுவே வசதி.

மரபணுவைச் செடிக்குள் கொண்டுபோவது அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா. ரோஜாவிலும் பழமரங்களிலும் வேர்க்கழுத்தில் கட்டி உண்டாக்குவது இதுதான். தன்னுடைய டி.என்.ஏ.வில் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் செலுத்தி, அதைத் தனக்காக உழைக்க வைக்கும் வித்தை இதற்குத் தெரியும். 1970களில் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் வான் மொண்டாகுவும் ஜெஃப் ஷெல்லும், அந்த வித்தைக்குக் காரணமான வளைய டி.என்.ஏ.வைக் கண்டுபிடித்தார்கள். கட்டி உண்டாக்கும் மரபணுக்களை அதிலிருந்து எடுத்துவிட்டு, நமக்கு வேண்டிய மரபணுவை அந்த இடத்தில் வைத்தால், பாக்டீரியா அதையும் அப்படியே செடிக்குள் சேர்த்துவிடும்.

இதை அதிக அளவில் செய்யும் முறை பார்க்கவே அழகானது. சில வாரங்கள் வளர்ந்த செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, பாக்டீரியா கலந்த நீரில் இலைகள் முழுகும்படி இறக்குகிறார்கள். மூடியைப் போட்டுக் காற்றை உறிஞ்சுகிறார்கள். இலைக்குள் செல்களுக்கு இடையே இருந்த காற்று குமிழ்குமிழாக வெளியேறுகிறது. பிறகு காற்றைச் சட்டென்று திரும்ப விட்டதும், காலியான இடுக்குகளுக்குள் நீர் பாய்கிறது. வெளியே எடுக்கும்போது இலை கரும்பச்சையாக, நனைந்த துணிபோலத் துவண்டு தொங்கும். கொஞ்ச நேரத்தில் நீர் ஆவியாகி இலை நிமிர்ந்துவிடும். பாக்டீரியா உள்ளேயே தங்கிவிடும். ஒரு வாரத்துக்குள் இலையைப் பறித்துவிடலாம். மரபணுவைச் செடியில் நிரந்தரமாகப் பதித்து, விதை வழியாகவே தலைமுறைக்குக் கொண்டுபோகும் வழியும் உண்டு. அதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

இவ்வளவையும் வயலில் செய்தால் என்ன? வெயில் இலவசம், நிலம் மலிவு. 2002இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் நடந்ததைப் படித்த பிறகு எனக்கு அந்த ஆசை போய்விட்டது. ப்ரோடிஜீன் என்ற நிறுவனம் பன்றிக்குட்டிகளின் வயிற்றுப்போக்குக்கான தடுப்பூசிப் புரதத்தைத் தரும் மக்காச்சோளத்தை வயலில் பயிரிட்டது. அறுவடையில் சிந்திய விதைகள் அடுத்த பருவத்தில் அதே வயலில் சோயாவுக்கு நடுவே தானாக முளைத்தன. அவற்றை முழுதாகப் பிடுங்காமலே சோயாவை அறுத்துத் தானியக் கிடங்கில் கொட்டிவிட்டார்கள். விளைவு, அங்கே இருந்த சுமார் 5 லட்சம் புஷல் சோயா, அதாவது 13,000 டன்னுக்கு மேல், மனிதர் தட்டுக்கும் போகாமல் மாட்டுத் தீவனத்துக்கும் போகாமல் அழிக்கப்பட்டது. நிறுவனத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம். மருந்து விளையும் செடியும் சாப்பாடு விளையும் செடியும் ஒரே மண்ணைப் பகிரக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

அதனால்தான் வயல் வேண்டாம், மூடிய அறை. உள்ளே காற்றழுத்தத்தை வெளியே இருப்பதைவிடச் சற்றுக் குறைவாக வைக்கிறார்கள். கதவு திறந்தால் வெளிக்காற்று உள்ளே வருமே தவிர, உள்ளே இருக்கும் மகரந்தம் வெளியே போகாது. போகும் காற்று வடிகட்டியைத் தாண்டித்தான் போகும். கழிவு நீரும் சக்கை இலையும் கிருமிநீக்கம் செய்யப்பட்ட பிறகே வெளியேறும். அறையால் மருந்துக்கும் ஒரு நன்மை உண்டு. வெயில், மழை, பூச்சி எல்லாம் மாறினால் இலையில் ஊறும் புரதத்தின் அளவும் மாறும். எல்.இ.டி. விளக்கின் கீழே ஜனவரிச் செடியும் ஜூலைச் செடியும் ஒன்றுபோல இருக்கும். ஒவ்வொரு தொகுதியும் ஒரே தரத்தில் இருந்தாக வேண்டிய தடுப்பூசிக்கு இது சின்ன விஷயமில்லை.

தென்கொரியாவின் போஹாங் நகரில் இருக்கும் பயோஆப் நிறுவனம் இந்த வழியில் பன்றிகளுக்கு வரும் கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர் என்ற காய்ச்சலுக்கு (மனிதருக்கு வரும் பன்றிக் காய்ச்சல் வேறு) தடுப்பூசி செய்து, 2019இல் அனுமதி வாங்கியது. வைரஸின் மேலுறையில் இருக்கும் இ2 என்ற புரதத்தைப் பெந்தாமியானா இலையில் விளைவித்துப் பிரித்தெடுக்கிறார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு பலன். பழைய உயிர்த் தடுப்பூசியைப் போட்ட பன்றியின் ரத்தத்தையும் நோய் வந்து பிழைத்த பன்றியின் ரத்தத்தையும் சோதித்தால், இரண்டிலும் ஒரே மாதிரி எதிர்ப்பொருள்கள் இருக்கும். எது எதுவென்று தெரியாது. ஊரில் நோய் சுற்றுகிறதா இல்லையா என்று சொல்ல முடியாமல் அதிகாரிகள் திண்டாடுவார்கள். இலைத் தடுப்பூசி போட்ட பன்றியிடமோ இ2வுக்கான எதிர்ப்பொருள் மட்டுமே இருக்கும். வைரஸின் இன்னொரு புரதத்துக்கும் எதிர்ப்பொருள் தென்பட்டால், நிஜமான நோய் அந்தக் கொட்டிலுக்குள் வந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.

கோழிக்கான அந்த முதல் தடுப்பூசி மட்டும், அனுமதி கிடைத்தும் கடைசிவரை விற்பனைக்கு வரவில்லை. முட்டையில் செய்யும் கோழித் தடுப்பூசி மிக மலிவு. அந்த மலிவோடு எந்தப் புது முறையும் விலையில் போட்டியிடுவது கஷ்டம். இலையிலிருந்து புரதத்தைப் பிரிப்பதிலேயே பெரும் பணம் கரைகிறது. இலைச் சாற்றில் ஒளிச்சேர்க்கைக்கான ருபிஸ்கோ என்ற புரதம் மலைபோல இருக்கும். நமக்கு வேண்டியது அதற்குள் ஒரு கைப்பிடி.

ஜப்பானில் சப்போரோ நகரின் அரசு ஆய்வு மையத்தில், இந்தப் பிரிக்கும் வேலையே வேண்டாம் என்று யோசித்தார்கள். மூடிய அறையில் ஸ்ட்ராபெரி வளர்த்து, அதன் பழத்தில் நாயின் இன்டர்ஃபெரானை, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பே சுரக்கும் ஒரு புரதத்தை, விளைவித்தார்கள். அது தடுப்பூசி அல்ல, நாய்களின் ஈறு வீக்கத்துக்கான மருந்து. ஸ்ட்ராபெரியை ஓடுதண்டிலிருந்தே பெருக்கலாம், விதை தேவையில்லை. பழத்தைப் பச்சையாகவே சாப்பிடலாம் என்பதால் சமைத்துப் புரதத்தைக் கெடுக்க வேண்டியதுமில்லை. பழத்தை உறையவைத்து, உலர்த்தி, பொடியாக்குகிறார்கள். அந்தப் பொடியே மருந்து. 2013இல் அனுமதி கிடைத்து, 2014இல் விற்பனைக்கு வந்தது. நாய் வளர்ப்பவர் அதை நீரில் குழைத்து, விரலால் ஈறில் தடவிவிட வேண்டியதுதான்.