இன்ஃப்ளூயன்சர்: செல்வாக்காளரா, வலைமுகவரா?

'செல்வாக்கு செலுத்துபவர் சந்தைப்படுத்தல்.' 'இன்ஃப்ளூயன்சர் மார்க்கெட்டிங்' என்பதன் மொழிபெயர்ப்பாக, வணிகப் பக்கங்களில் இந்தத் தொடர் இப்போது சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. மூன்று சொல்லும் தனித்தனியே தெரிந்தவைதான். சேர்த்துப் படித்தால் ஒன்றும் விளங்காது. யார் யாரைச் சந்தைப்படுத்துகிறார்? அந்தச் செல்வாக்கு யாருடையது? இன்ஃப்ளூயன்சர் என்பவர், சமூக ஊடகத்தில் தன்னைப் பின்தொடர்கிறவர்களிடம் நிறுவனங்களின் பொருளைக் காசுக்குப் பரிந்துரைக்கிறவர். அவருக்குத் தமிழ் 'செல்வாக்கு செலுத்துபவர்' அல்லது 'செல்வாக்காளர்' என்று நிலைத்துவிடும் முன்பே மறுத்துச் சொல்லிவிட வேண்டும்.

ஆங்கிலச் சொல்லின் கதை சுருக்கமானது. வேர் லத்தீன், உள்ளே பாய்வது என்று பொருள். விண்மீன்களிலிருந்து ஒரு சக்தி பாய்ந்து மனிதரின் குணத்தையும் விதியையும் ஆட்டுவிக்கிறது என்ற இடைக்கால ஐரோப்பியச் சோதிட நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. இன்ஃப்ளூயன்சா காய்ச்சலுக்கும் அதே வேர். இன்றைய பொருளைத் தந்தது விளம்பரத் துறை: நான்கு பேரை ஒரு பொருளை வாங்க வைக்கக்கூடிய ஆள். சரக்கு விற்க வேண்டியவர் தன் பக்கத்திலிருந்து பார்த்து வைத்துக்கொண்ட பெயர் அது.

நம் 'செல்வாக்கு' முற்றிலும் வேறு. செல் + வாக்கு, வினைத்தொகை. சென்ற வாக்கு, செல்கிற வாக்கு, செல்லும் வாக்கு என்று மூன்று காலத்துக்கும் விரியும். யாருடைய பேச்சு எடுபடுகிறதோ அவருக்குச் செல்வாக்கு உண்டு. 'ஊரில் செல்வாக்கான மனுஷன்' என்றால், அவர் சொன்னால் நடக்கும், அதற்காக அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று அர்த்தம். வாக்கு வடசொல் ஆயிற்றே என்று தனித்தமிழ் அன்பர்கள் ஆட்சேபிக்கலாம். என் ஆட்சேபம் அதுவல்ல. சொல் நல்ல சொல்தான். அதைத் தவறான ஆளுக்குச் சூட்டுகிறோம்.

அந்த ஆளின் நிலையைப் பாருங்கள். இன்ஸ்டாகிராமில் மாதத்துக்கு இத்தனை ரீல்ஸ் (குறுங்காணொளி), இத்தனை ஸ்டோரி (ஒரு நாளில் மறையும் பதிவு) என்று ஒப்பந்தம். என்ன பேச வேண்டும் என்று நிறுவனம் குறிப்பு அனுப்பும். எடுத்த காணொளியை அது பார்த்து ஒப்புதல் தந்த பிறகுதான் வெளியிடலாம். போட்டி நிறுவனத்தின் பொருளைக் குறிப்பிட்ட காலம் வரை காட்டக் கூடாது. நடுவில் இருக்கும் ஏஜென்சிக்கு ஒரு பங்கு. பணம் பல வாரம் கழித்து வரும். இலவசமாக வந்த கைபேசியை வைத்துக்கொண்டால் அதுவும் வருமானம்: ஒரு நிறுவனம் ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கொடுத்தால் 10 சதவீத வரி பிடித்தம் உண்டு என்று 2022 ஜூலையிலிருந்து விதி. இரண்டு வாரம் பதிவிடாமல் இருந்தால் பார்வை குறையுமோ என்ற பயம் வேறு. இவருடைய வாக்கா செல்கிறது? நிறுவனத்தின் வாக்கு இவர் வாய் வழியாகச் செல்கிறது.

ஆஸ்திரேலிய இன்ஃப்ளூயன்சர் எஸ்ஸீனா ஓ'நீல் விஷயத்தில் இது வெளிப்படையாகவே தெரிந்தது. 2015 நவம்பரில், 18 வயதில், இன்ஸ்டாகிராமில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பின்தொடர்ந்த நிலையில், அவர் சமூக ஊடகத்தை விட்டு விலகுவதாக அறிவித்தார். பெரும்பாலான படங்களை நீக்கினார். மிச்சம் வைத்தவற்றின் கீழே இருந்த வாசகங்களை மாற்றி எழுதினார்: இந்த உடைக்குப் பணம் வாங்கினேன், இந்த ஒரு படத்துக்காக எத்தனை முறை எடுத்தேன் என்று. அப்புறம் நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். வாடகைக்குப் பணமில்லை, உதவுங்கள் என்று அவரே காணொளியில் கேட்க வேண்டி வந்தது. அத்தனை லட்சம் பேர் மீது 'செல்வாக்கு செலுத்தியவர்', வேலையை விட்டதும் கையில் ஒன்றும் இல்லாமல் நின்றார். பலசரக்குக் கடை என்றால் சரக்கோடு இன்னொருவருக்குக் கைமாற்றிவிட்டுப் போகலாம். முகத்தை எப்படிக் கைமாற்றுவது? யூடியூபில் வீடியோ கேம்களை அலசும் 'கேம் தியரி' நிகழ்ச்சியை நடத்திய மேத்யூ பேட்ரிக்கால் 2024 மார்ச்சில் விலக முடிந்தது. ஆனால் அவர் அதற்கு முன்பே நிறுவனத்தை விற்றிருந்தார். அவர் இடத்தில் பேச வேறு ஆட்கள் தயாராக இருந்தார்கள். தனி முகத்தை நம்பிப் பிழைக்கும் மற்றவர்களுக்கு அந்த வழி இல்லை.

'பிரபலம்' என்று எழுதுவோரும் உண்டு. அதுவும் பொருந்தாது. சில ஆயிரம் பேர் பின்தொடரும் வீட்டுச் சமையல் பக்கத்துக்கும் மிக்ஸி நிறுவனம் காசு தருகிறது. அதை நடத்தும் அம்மாவைப் பக்கத்துத் தெருவில் தெரியாது. பிரபலம் என்பது புகழைச் சொல்கிறது. நமக்கு வேண்டியது தொழிலைச் சொல்லும் சொல்.

என் பரிந்துரை 'வலைமுகவர்'. முகவரை எல்லோருக்கும் தெரியும்: காப்பீட்டு முகவர், பயண முகவர். இன்னொருவருக்காகப் பேசுகிறவர், அதற்குக் கமிஷன் வாங்குகிறவர், இலக்கை எட்டாவிட்டால் வருமானம் விழுகிறவர். தன் தள்ளுபடிக் குறியீட்டைச் சொல்லி 'இதைப் போட்டு வாங்குங்க' என்கிறவர் செய்வது அச்சு அசலாக அதே வேலை. சொல்லுக்குள் முகமும் இருக்கிறது, விலைபோவதும் அதுதான். முகம் தமிழா வடமொழியா என்ற பழைய வழக்கை இங்கே இழுக்க வேண்டாம்.

முகவர் என்றால் கௌரவக் குறைச்சல் என்று சிலருக்குத் தோன்றலாம். உழைத்துக் கமிஷன் வாங்குவதில் குறைச்சல் ஏதுமில்லை. மறைப்பதில்தான் குறைச்சல். நம் சட்டமும் ஆள் எவ்வளவு பெரியவர் என்று பார்ப்பதில்லை. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்குத் துணைபோகும் பரிந்துரையாளருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. காசோ பொருளோ வாங்கியிருந்தால் அதை எளிய மொழியில் சொல்லுங்கள் என்று 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் தந்தது. எளிய மொழி என்றதும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் செய்தது என்ன? 'பெய்ட் பார்ட்னர்ஷிப்' என்பதை அப்படியே பெயர்த்து, 'பணம் செலுத்தப்பட்ட கூட்டாண்மை.' யார் செலுத்தினார், யாருக்கு, எதற்கு என்ற மூன்றையும் இந்தத் தொடர் மறைத்துவிடுகிறது. 'காசு வாங்கிச் செய்த விளம்பரம்' என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைப்பவர்கள், படிக்கிறவர் ஏமாறவும் வழி செய்கிறார்கள். கோபம் வருவது அதனால்தான்.

காசு வாங்காமல் தனக்குப் பிடித்ததைப் பேசுகிறவரை முகவர் என்று சொல்லத் தேவையில்லை. அவர் பதிவர், அல்லது காணொளியாளர். அவரே காசு வாங்கிக்கொண்டு பேசும் காணொளியில் மட்டும் முகவர் ஆகிறார். இந்த வேறுபாட்டைச் 'செல்வாக்காளர்' காட்டாது, 'பிரபலம்' காட்டாது, ஆங்கிலச் சொல்லும் காட்டாது.