படகு கவிழ்ந்தால் கரைக்கு நீந்தாதீர்கள்

கோடை விடுமுறை நெருங்கும்போது காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்துப் பெற்றோர்கள் என்னிடம் வந்து முதலில் சொல்வது ஒன்றுதான்: "பிள்ளைக்கு நீச்சல் நன்றாகத் தெரியும். பாய்மரப் படகு கற்றுக்கொடுங்கள்." நீச்சல் தெரியாதவரை நான் படகில் ஏற்றுவதே இல்லை. ஆனாலும் சிறிய பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, நன்றாக நீந்துகிற பிள்ளைகளைப் பற்றித்தான் கவலை அதிகம். அரைகுறையாக நீந்துகிறவன் கவிழ்ந்த படகை இறுகப் பற்றிக்கொள்கிறான். ஊருணியிலும் கண்மாயிலும் குதித்து வளர்ந்தவனுக்கோ கரை கண்ணில் பட்டதும் கைகால் பரபரக்கிறது. படகை விட்டுவிட்டு நீந்தக் கிளம்பிவிடுகிறான்.

அதைத்தான் செய்யக்கூடாது. ஊருணிக்கு நாலு பக்கமும் படிக்கட்டு உண்டு. எந்தப் பக்கம் நீந்தினாலும் கரைதான். கடலில் தெரியும் பனைமரம் நாம் நினைப்பதைவிட வெகு தூரத்தில் நிற்கும். நீரோட்டம் நம்மை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது நீருக்குள் இருக்கும்போது தெரியாது. தேடி வருகிறவர்களுக்கு அலைகளுக்கு நடுவே ஒரு தலை எளிதில் புலப்படாது. கவிழ்ந்து கிடக்கும் வெள்ளைப் படகு தொலைவிலேயே தெரியும். நல்ல படகு கவிழ்ந்தாலும் மூழ்காது. அதனுள் அடைபட்ட காற்று அதை மிதக்க வைக்கும், பிடித்திருப்பவரையும் தாங்கும்.

சிறுவர்கள் பழகும் ஆப்டிமிஸ்ட் படகைப் பாருங்கள். ஏறத்தாழ 2.3 மீட்டர் நீளம், 35 கிலோ எடை. 15 வயது வரைக்குமான வகுப்பு அது. உள்ளே மூன்று காற்றுப் பைகள் வாரால் கட்டப்பட்டிருக்கும். கவிழ்ந்த படகை மிதக்க வைப்பவை அந்தப் பைகள்தான். தண்ணீரில் இறங்குமுன் மூன்றையும் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் அன்றைக்குப் படகு வெளியே போகக்கூடாது. பெரியவர்கள் பழகும் லேசர் படகு 4.2 மீட்டர் நீளம். அதில் காற்று உடற்கூட்டுக்குள்ளேயே அடைபட்டிருக்கும். ஆகவே பின்புற அடைப்பான் இறுக மூடியிருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை.

என் மாணவர்கள் பாயைப் பிடிக்கும் முன்பே படகைக் கவிழ்க்கக் கற்கிறார்கள். மார்பளவு தண்ணீரில், நான் பக்கத்தில் நிற்க, வேண்டுமென்றே கவிழ்க்கிறோம். படகு சாயும்போது, பாயை இழுத்துப் பிடிக்கும் பாய்க் கயிற்றின் ஒரு முனை கையில் இருக்க வேண்டும். அதை விட்டால், காற்று தள்ளிக்கொண்டு போகும் படகை எந்த நீச்சல்காரனாலும் எட்டிப் பிடிக்க முடியாது. அடுத்து, கூட வந்தவர் எங்கே என்று பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். பிறகு கயிற்றைப் பிடித்தபடியே படகின் அடிப்பக்கத்துக்குச் சுற்றி வந்தால், படகின் அடியில் இறங்கியிருக்கும் நடுப்பலகை பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு கைகளாலும் அதைப் பற்றி, உடல் எடை முழுவதையும் பின்னுக்குச் சாய்க்க வேண்டும். முதலில் எதுவும் அசையாதது போலத் தோன்றும். அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் பொறுமை இழந்து விட்டுவிடுகிறார்கள். விடாமல் தொங்கினால் பாயிலிருந்து தண்ணீர் வடியத் தொடங்கும், பாய்மரம் மெதுவாகத் தலைதூக்கும், பாதி எழுந்த பிறகு படகு தானே சட்டென்று நிமிர்ந்துவிடும். பாய்க் கயிறு எங்கேயும் மாட்டிக்கொள்ளாமல் தளர்ந்திருக்க வேண்டும். அணியம், அதாவது படகின் முன்முனை, காற்றைப் பார்த்து இருப்பது நல்லது. இல்லாவிட்டால் நிமிர்ந்த படகு மறுபக்கம் கவிழும். ஏறியதும் ஆப்டிமிஸ்டில் தண்ணீரை வாளியால் இறைக்க வேண்டும். அந்த வாளியைப் படகோடு கட்டி வைத்திருந்தால்தான் அது அங்கே இருக்கும்.

பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு. படகு தலைகீழாகப் புரண்டால் மர நுனி சேற்றில் குத்திக்கொள்ளும். அப்போது வலிந்து இழுத்தால் மரம் வளைந்துவிடும். படகின் மேல் ஏறி உட்கார்ந்து கையை அசைத்து மீட்புப் படகை அழையுங்கள். எஞ்சின் பொருத்திய மீட்புப் படகு தயாராக நிற்காத இடத்தில் பயிற்சியில் சேரவே சேராதீர்கள். கட்டணம் குறைவு என்பதற்காக இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

மிதவைச் சட்டையை வாங்குவதோடு நம் வேலை முடியவில்லை. அணிந்த பிறகு, தோள்பட்டைப் பட்டையைப் பிடித்து இன்னொருவர் மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். சட்டை காது வரை ஏறினால் அது அந்தப் பிள்ளைக்கு உதவாது. "அடுத்த வருடமும் போடட்டும்" என்று ஒரு அளவு கூட்டி வாங்கும் வழக்கம் பள்ளிச் சீருடைக்குச் சரி, இதற்குக் கூடாது. 50 நியூட்டன் (மிதக்க வைக்கும் விசையின் அளவு) என்று குறிக்கப்பட்ட சட்டை நீந்தத் தெரிந்தவருக்கு, உதவி அருகில் இருக்கும்போது மட்டும். மயங்கியவரின் முகத்தை அது தண்ணீருக்கு மேலே திருப்பி வைக்காது.

இனி காற்று. நம் ஊர்க்காரர்கள் தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாகத் தொண்டிக்குப் போகிறார்கள்; கடல் குளம் போலக் கிடப்பதைப் பார்த்ததும் ஆபத்தில்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தக் கரை கிழக்கு நோக்கியது. தென்மேற்குப் பருவக் காலத்தில் வீசும் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது. அதனால்தான் கரையோரம் அலையே இல்லை. படகு சிரமமில்லாமல் உள்ளே ஓடும். கரையை விட்டு விலக விலகக் காற்றும் அலையும் கூடும். திரும்ப வேண்டுமென்றால் காற்றை எதிர்த்து வர வேண்டும். எந்தப் பாய்மரப் படகும் காற்றுக்கு நேர் எதிரே ஓடாது. இருபுறமும் ஏறத்தாழ 45 பாகை விலகி, இடமும் வலமுமாக மடங்கி மடங்கித்தான் ஏற முடியும். புதியவருக்கு வராத வித்தையே அதுதான். ஆகவே கச்சான் அடிக்கும் நாளில் கற்றுக்குட்டிகள் கடலில் இறங்க வேண்டாம். அங்குள்ள மீனவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கோயில் திருவிழாக்களில் பாய்மரப் படகுப் போட்டி நடத்துகிற ஊர்கள் அவை. காற்று எப்போது திரும்பும் என்பதை அவர்கள் அளவுக்கு எந்தக் கைப்பேசிச் செயலியும் சொல்லாது.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 10 கிலோமீட்டரில் இனிமையாக இருந்தது 20-இல் கையை அறுப்பது இதனால்தான். அலை முகடுகளில் பரவலாக வெண்நுரை தெரிந்தால் அன்றைக்குக் கரையிலேயே முடிச்சுப் போட்டுப் பழகலாம். கவிழாத படகில் உட்கார்ந்திருக்கும்போது பயம் வந்தால் பாய்க் கயிற்றை விட்டுவிடுங்கள். பாய் படபடத்துக் காற்றை வெளியேற்றும், படகு நின்றுவிடும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்பவரால் அதைச் செய்ய முடியாது, சுற்றவே கூடாது.

கண்மாயில் பழகலாமா என்றும் கேட்கிறார்கள். ஊராட்சியிலும் கண்மாய்க்குப் பொறுப்பான துறையிலும் அனுமதி வாங்கி, மழைக்குப் பின் நீர் நிறைந்திருக்கும்போது, பயிற்சியாளர் துணையோடு பழகலாம். ஆனால் கோடையில் நீங்களே நடந்து பார்த்த கண்மாயாக அது இருக்க வேண்டும். சீமைக்கருவேல மரத்தின் வெட்டிய அடிக்கட்டைகள் எங்கே நிற்கின்றன, மண் அள்ளிய பள்ளம் எங்கே என்று தெரியாமல் படகு விடுவது தற்கொலைக்குச் சமம். மடை திறந்திருந்தாலும், கலுங்கில் நீர் வழிந்தாலும் அந்தப் பக்கமே போகாதீர்கள். அந்த இழுப்பில் மிதவைச் சட்டையும் காப்பாற்றாது. கரைப் பனைகளின் இடைவெளியில் காற்று திடீரென்று பாய்ந்து வரும், அடுத்த நொடி செத்துவிடும். பூம் என்று அழைக்கப்படும் பாயின் அடிக்கம்பு அப்போது சொல்லாமல் கொள்ளாமல் மறுபக்கம் வீசி அடிக்கும். தலையைத் தாழ்த்தும் பழக்கம் கையோடு வர வேண்டும்.

கடலோர ஊரில் பிறக்கவில்லையே என்று தயங்குகிற பிள்ளைகளுக்கு ஒன்று. வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன், 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் பாய்மரப் படகுப் போட்டியில் வெண்கலம் வென்றவர். இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டவர். வேலூரிலும் கடல் இல்லை.

புறப்படுமுன் கரையில் ஒருவரிடம் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அவர் கையில் இரண்டு எண்கள் இருக்கட்டும்: இந்தியக் கடலோரக் காவல்படை 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. சொன்ன நேரம் தாண்டிவிட்டால் "வந்துவிடுவான்" என்று காத்திராமல் உடனே அழைக்க வேண்டும் என்பதையும் அவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.